கோதுமைப் புல் சாறு குடித்தால் இரத்தம் ஊறுமா?

கேள்வி: எனக்கு இரும்புச்சத்துக் குறைவு. கிளினிக்கில் குளிசை தந்திருக்கிறார்கள். கோதுமைப் புல் சாறு குடித்தால் இரத்தம் ஊறும், சாப்பாட்டுச் சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும் என்கிறார்களே, உண்மையா? தட்டில் வளர்க்கும் புல்லின் அடியில் வெள்ளையாக ஏதோ பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, உப்புவெளி

பதில்: சாற்றை நம்பிக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். 30 மில்லிலீற்றர் சாற்றில் உள்ள இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மாதவிடாய் வரும் வயதில் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 18 மில்லிகிராம் வேண்டும். பச்சையம் இரத்தமாக மாறும் என்பதும் சரியல்ல. பச்சையத்தின் நடுவே இருப்பது மக்னீசியம், ஈமோகுளோபினில் இருப்பது இரும்பு.

மற்றச் சாப்பாட்டின் சத்தை உடம்பில் சேர்த்துவிடும் தன்மை இந்தப் புல்லுக்கு உண்டென்று நிரூபிக்கப்படவில்லை. கீரை, பருப்பிலுள்ள இரும்பு சேர உதவுவது விற்றமின் சி. சாற்றில் அது சொற்பம்தான். ஆகவே சாற்றில் அரைத் தேசிக்காய் பிழிந்துவிடுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதுதான் நம் வீடுகளில் பெரிய தடை. அதை ஒரு மணித்தியாலமாவது தள்ளிப்போடுங்கள். கல்சியம் குளிசையை இரும்புக் குளிசையோடு சேர்த்து விழுங்க வேண்டாம். புல்லிலுள்ள பீற்றா கரோட்டினும் விற்றமின் கேயும் கொழுப்போடுதான் உடம்பில் சேரும். அதனால் வெறும் வயிற்றைவிடச் சாப்பாட்டு நேரமே நல்லது. உண்மையில் இந்தச் சாற்றுக்குப் பதில் வல்லாரைச் சம்பலே போதும்: இலை, தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப்புளி மூன்றும் அதில் கூடியே வருகின்றன, செலவும் குறைவு.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இந்தச் சாற்றைத் தொடவே கூடாது. விற்றமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்.

இனி அந்த வெள்ளை. வேரை ஒட்டிய மெல்லிய பஞ்சு, தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி, பயமில்லை. விதைகளுக்கு மேலே சிலந்திவலை போல் படர்ந்து புழுங்கல் வாடை அடித்தால் பூஞ்சணம். வெட்டிக் கழுவிப் பார்க்காமல் தட்டோடு கொட்டிவிடுங்கள். திருகோணமலை வெக்கையில் விதையை 8 மணித்தியாலத்துக்கு மேல் ஊறவைத்தால் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும், பூஞ்சணமும் எளிதில் பிடிக்கும். அடியில் ஓட்டை போட்ட தட்டில் இரண்டு விரல் கனத்துக்குத் தும்புத்தூள் பரப்பி, விதைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகத் தூவுங்கள். மாரியில் காலையில் மட்டும் தெளித்தால் போதும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் மாலையிலும் தெளிக்க வேண்டும். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் நுனி கருகும், குழாய்த் தண்ணீரே விடுங்கள். 7 முதல் 10 நாளில், ஒரு சாண் உயரம் வருமுன் வெட்டுங்கள். விதைப்புக்கென மருந்து தடவி விற்கும் கோதுமையை மட்டும் இதற்கு வாங்காதீர்கள்.