கோழியை விட்டுப் பன்னீருக்குப் போகாதீர்கள்

கேள்வி: கல்லூரி விடுமுறைக்கு வந்த மகள், "கோழிக்குப் போடுகிற தீவனத்தில் இன்னும் எத்தனையோ பேர் சாப்பிடலாம், இனி எனக்குக் கறியும் முட்டையும் வேண்டாம்" என்கிறாள். நாமக்கல்லில் இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா என்று வீட்டில் சண்டை. அவள் சொல்வது உண்மையா? சத்துக் குறையக்கூடாதே என்று வாரம் நாலு நாள் பன்னீர் செய்கிறேன். தெரிந்தவர் ஒருவர் செடிப் புரத பவுடர் மூன்று மாதத்துக்கு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? மாமனார் ஊரில் வளர்க்கும் ஆடும் இந்தக் கணக்கில் சேருமா? (ஒரு வாசகி, நாமக்கல்)

பதில்: உங்கள் மகள் போட்ட கணக்கு சரிதான் அம்மா. நான் தீவன ஆலையில் தரம் பார்த்தவன். மூட்டைக்குள் கைவிட்டு மக்காச்சோளத்தை எடுத்துக் கடித்தே ஈரம் சொல்வேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கேளுங்கள். கடையில் வாங்கும் ஒரு கிலோ கறிக்குப் பின்னால் கிட்டத்தட்ட இரண்டேகால் கிலோ தீவனம் இருக்கிறது. பெரும்பகுதி மக்காச்சோளம், மிச்சத்தில் முக்கால்வாசி சோயாப் புண்ணாக்கு. அதற்குள் சுமார் 400 கிராம் புரதம் உண்டு. எலும்போடு சேர்ந்த கறியில் திரும்பி வருவது 200 கிராம்கூடத் தேறாது. நீங்கள் குருமாவில் போடுகிற மீல் மேக்கர் இருக்கிறதே, அதுவும் எண்ணெய் எடுத்த சோயாதான். கோழிக்குப் போனால் புண்ணாக்கு, நமக்கு வந்தால் மீல் மேக்கர்.

உலகக் கணக்கும் இதையே சொல்கிறது. 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளை வைத்து 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, விவசாய நிலத்தில் 83 சதவீதம் கறி, பால், முட்டை, மீனுக்காகவே போகிறது. அவற்றிலிருந்து நமக்குக் கிடைப்பதோ 18 சதவீதக் கலோரி, 37 சதவீதப் புரதம்.

ஆனால் தீவனத்தோடு பூமி சூடாவதையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் செய்கிற பன்னீர்தான் இடிக்கிறது. சைவத்துக்கு மாறுகிற பல வீடுகள் வழுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு கிலோ பன்னீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் வேண்டும். மாடு அசைபோடும்போது பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வரும், கோழிக்கு அப்படிப்பட்ட வயிறு கிடையாது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பூமியைச் சூடாக்குவதில் கோழிக்கறியைவிடப் பன்னீர்தான் மோசம். மகள் விட்டதை நீங்கள் அடுப்படியில் திரும்பச் சேர்க்கிறீர்கள்.

பவுடரை வாங்கவே வாங்காதீர்கள். "மெம்பர் ஆகுங்கள், இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள்" என்று அடுத்த வாரம் வருவார், பாருங்கள். டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி கதை புரியும். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 50 கிராம் புரதம் தாராளம். 60 கிராம் பருப்பில் 13, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, 25 கிராம் மீல் மேக்கரில் 13, மிச்சத்தைச் சோறும் இட்லியும் பார்த்துக்கொள்ளும். பால், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டால் வைட்டமின் பி12 மாத்திரை மட்டும் கட்டாயம், மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் பி12 இருக்கிறது என்று விற்கிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்கு ஆகாத போலி வகை.

சரி, பருப்பு என்று சொல்லிவிட்டேன். விலை? ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். நாலு பேர் வீட்டுக்கு நான் சொன்ன அளவில் மாதம் ஏழு கிலோ வேண்டும். நெல்லையும் கோதுமையையும் கிடங்கு நிரம்பக் கொள்முதல் செய்துவிட்டு, பருப்பை மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கப்பலில் இறக்குகிறோம். இதை மாற்ற வேண்டும் என்று வருஷக் கணக்காகக் கூட்டம் போட்டுப் பேசியாயிற்று, டீ பிஸ்கட்டுதான் மிச்சம். மலிவு என்று சில்லறையில் வாங்கினால், துவரம் பருப்பைப் போலத் தோன்றும் கேசரிப் பருப்புக் கலப்படம் இருக்கலாம். அதைத் தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் கால் முடங்கும். கழுவிய தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாக வந்தால் சாயம் ஏற்றியிருக்கிறார்கள், அந்தக் கடைப்பக்கம் போகாதீர்கள்.

மாமனார் ஆட்டுக்கு வருவோம். ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகள் அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தாளையும் களையையும் ஆடு மேய்கிறது, புழுக்கை வயலுக்கு உரமாகிறது. அந்தத் தாளை மனிதன் தின்ன முடியாது, கரட்டுமேட்டில் பருப்பும் விளையாது. ஆக, யார் தட்டிலிருந்தும் அந்த ஆடு பிடுங்கவில்லை. அதுவும் அசைபோடுகிற பிராணிதான், மீத்தேன் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் உணவுக் கணக்கில் அது வேறு ஜாதி. இதைச் சாக்காக வைத்து, கொட்டகையில் கட்டிப்போட்டு மக்காச்சோளம் ஊட்டி வளர்க்கிற ஆட்டையும் 'நாட்டு மேய்ச்சல்' என்று விற்கிறார்களே, அதற்கு இந்தச் சலுகை கிடையாது. மாமனார் மாதம் எத்தனை மூட்டை தீவனம் வாங்குகிறார் என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மகளிடம் இதையும் சொல்லிப் பாருங்கள். சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவள் இஷ்டம்.