அணை உடைஞ்சிருச்சா டீச்சர்?

கேள்வி: வண்டிப்பெரியாறு பக்கம் ஓர் அரசு எல்.பி. பள்ளியில் (தொடக்கப் பள்ளி) தமிழ் மீடியம் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் எஸ்டேட் லயங்களிலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள். மழை வலுத்தால் போதும், முல்லைப் பெரியாறு அணை உடைந்து ஊரையே அடித்துப் போவதுபோல ஒரு வீடியோ எல்லார் போனிலும் வந்துவிடுகிறது. போன வாரம் ஒரு பையன் அழுதுகொண்டே, "அணை உடைஞ்சிருச்சா டீச்சர்?" என்று கேட்டான். பொய்ச் செய்தி பற்றிய பாடம் ஐந்தாம் வகுப்பில்தான் வருகிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லித்தர முடியுமா? "போனில் வருவது எல்லாம் பொய், நம்பாதே" என்று சொல்லிவிட்டால் போதாதா?
- ஓர் ஆசிரியை, இடுக்கி மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முடியும். ஐந்தாம் வகுப்பு வரை காத்திருக்கவும் வேண்டாம். 2022-ல் கேரள அரசுப் பள்ளிகளின் தொழில்நுட்பக் கல்வியைப் பார்த்துக்கொள்ளும் கைட் நிறுவனம் பொய்ச் செய்தி பற்றி 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் நடத்திய பயிற்சி 5 முதல் 10 வரை உள்ள வகுப்புகளுக்குத்தான். 2024-ல் வந்த புது ஐ.சி.டி. (கணினிப் பாட) புத்தகங்களிலும் 5, 7 வகுப்புகளில்தான் இந்தப் பாடம் இருக்கிறது. நல்ல முயற்சிகள். ஆனால் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் கையில் போன் ஏற்கெனவே வந்துவிட்டது.

"எல்லாம் பொய்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆற்றங்கரைப் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்வது ஆபத்து. உங்கள் ஊர் அணைக்குக் கீழே இருக்கிறது. ஷட்டர் திறந்தால் தண்ணீர் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு வழியாகத்தான் இடுக்கி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. நாளைக்கு உண்மையான எச்சரிக்கையே போனில் வரலாம். அதையும் பொய் என்று நினைத்து ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால்?

2018 ஆகஸ்ட் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அணை உடையப் போகிறது என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் பரவியது. அந்த மாதம் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது உண்மை. ஷட்டர் திறந்ததும் உண்மை. உடையப் போகிறது என்பது மட்டும் பொய். வதந்தி எப்போதும் கொஞ்சம் உண்மையையும் சேர்த்துக்கொண்டுதான் வரும், பெரியவர்களே ஏமாறுவது அதனால்தான். ஆகவே பிள்ளைக்கு நாம் கொடுக்க வேண்டியது கேட்கும் பழக்கம். யார் சொன்னது? அவங்களுக்கு எப்படித் தெரியும்? வேற யார்கிட்ட கேட்டுப் பார்க்கலாம்? இந்த மூன்றையும் எட்டு வயதுப் பிள்ளை தாராளமாகக் கேட்கும். சும்மாவே ஆயிரம் கேள்வி கேட்கிற வயசு அது.

முதலில் அந்தப் பையனின் பயம் அடங்க வேண்டும். பயந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. என்ன பார்த்தான், எப்போது பார்த்தான், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அவனே சொல்லட்டும். அப்புறம் உள்ளதைச் சொல்லுங்கள்: அணை நிற்கிறது. ஷட்டரைத் திறப்பது தமிழ்நாட்டு நீர்வளத் துறை. மக்களை எச்சரிப்பது இடுக்கி மாவட்ட நிர்வாகம். ஆபத்து என்றால் போலீஸோ பஞ்சாயத்தோ மைக் கட்டிய வண்டியில் வந்து சொல்வார்கள், பள்ளிக்கும் தகவல் வரும். உண்மையான செய்தி எந்த வழியாக வரும் என்று தெரிந்தாலே பிள்ளைக்குப் பாதி பயம் குறைந்துவிடும்.

அடுத்து நாளிதழ். தேனி, மதுரைப் பக்கத்துத் தமிழ்ப் பத்திரிகைகளில் அணைகளின் நீர்மட்டம் தினமும் வருகிறது. மழைக்காலம் முழுக்க அந்த எண்ணைக் கரும்பலகையின் ஒரு மூலையில் ஒரு பிள்ளை எழுதட்டும். பக்கத்தில் 142 என்று நிரந்தரமாக இருக்கட்டும். 2014-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த அதிகபட்ச நீர்மட்டம் அது, அடிக் கணக்கில். நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு கூடியது, 142-க்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கழித்துப் பார்ப்பார்கள். மூன்றாம் வகுப்புக் கணக்குதான். அடுத்த தடவை வீடியோ வரும்போது யாராவது ஒரு பிள்ளை அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தால், நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பையனின் பயம் தெளிந்த பிறகு, பிள்ளைகளையே ஓர் அணை உடையும் வீடியோ எடுக்க வையுங்கள். பள்ளி முற்றத்தில் ஈர மண்ணைக் குவித்து முழங்கை நீளத்துக்கு ஓர் அணை கட்டட்டும். பின்னால் தண்ணீரைத் தேக்கி, நடுவில் விரலால் கீறிவிடட்டும். உங்கள் போனைத் தரையோடு தரையாக வைத்து, அணைக்கு மிக அருகில் எடுங்கள். இன்னொரு தடவை எழுந்து நின்று, பிள்ளைகளின் காலும் குடமும் தெரிகிற மாதிரி எடுங்கள். முதல் வீடியோவை மெதுவாக ஓடவிட்டு, ஒரு பிள்ளையை "ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்தச் சொல்லுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். ஒரே மண், ஒரே தண்ணீர். ஒன்றில் ஊர் மூழ்குகிறது, மற்றதில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பிரேமுக்கு வெளியே என்ன இருந்தது என்று கேட்கிற புத்தி இப்படித்தான் வரும். எத்தனை நாள் வாயால் விளக்கினாலும் இது வராது. இந்தக் காலத்தில் மண்கூட வேண்டாம், இல்லாத வெள்ளத்தைக் கம்ப்யூட்டரே உருவாக்கித் தந்துவிடும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. வகுப்பு முடிந்ததும் முதல் வீடியோவைப் பிள்ளைகள் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள், ஏன் அழிக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். அது ஒரு குரூப்பில் போய் விழுந்தால், உங்கள் வகுப்பே ஒரு வதந்தியைக் கிளப்பியதாகிவிடும்.

விளம்பரங்களையும் அவ்வப்போது தொடலாம். பாட்டும் பொம்மையும் தன்னை வாங்கவைக்கத்தான் என்பது இந்த வயதில் பல பிள்ளைகளுக்குப் புரியாது. ஒரு பிஸ்கட் விளம்பரத்தைப் போட்டு, இதை எடுத்தவருக்கு நீ என்ன செய்தால் சந்தோஷம் என்று கேளுங்கள், போதும்.

உங்கள் பிள்ளைகளிடம் இருக்கிற பெரிய சொத்து இரண்டு மொழி. வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம். அதே அணையைத் தமிழ்ப் பத்திரிகை பெரும்பாலும் தண்ணீர்ச் செய்தியாகப் போடும், மலையாளப் பத்திரிகை பாதுகாப்புச் செய்தியாகப் போடும். தேனி விவசாயிக்குப் பாசனம், பெரியாற்றங்கரைக் குடும்பத்துக்கு உயிர். இரண்டு கவலையும் நிஜம். அவர்கள் நான்காம் வகுப்புக்குப் போனதும் இரண்டு பத்திரிகைகளின் படத்தையும் தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, யார் எதைக் காட்டியிருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று பேசவையுங்கள். யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். 2011 டிசம்பரில் இந்த அணை பற்றிய தமிழ்நாடு-கேரளத் தகராறு முற்றியபோது குமுளி எல்லை பட்ட பாடு லயத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அணையைப் பற்றிய பொய்ச் செய்தி பக்கத்து வீட்டுக்காரர்களையே ஒருவருக்கொருவர் சந்தேகப்பட வைத்துவிடும். இதைச் சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

கடைசியாக வீடு. காலையிலிருந்து கொழுந்து பறித்துவிட்டு வந்து அடுப்பு மூட்டும் அம்மா, பிள்ளை கையில் போனைக் கொடுப்பதைக் குற்றமாகப் பேசாதீர்கள். பிள்ளைகளும் வீட்டில் போய், "தாத்தா பொய் அனுப்புறார்" என்று சொல்லிவிடக் கூடாது. தாத்தா மனசு நோகும், பிள்ளைக்கும் திட்டு விழும். மரியாதையான ஒரு வாக்கியத்தை வகுப்பிலேயே பழக்குங்கள்: "தாத்தா, இதை உங்களுக்கு யார் அனுப்புனாங்க? நான் டீச்சர்கிட்ட கேட்டுட்டு வரட்டுமா? அதுவரைக்கும் யாருக்கும் அனுப்பாதீங்க."

அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தை எஸ்டேட் வேலை முடிகிற நேரத்துக்கு வைக்க முடியுமா என்று ஹெச்.எம்மிடம் கேளுங்கள். அன்றைக்கு நீங்கள் பேசுவதைவிட, பிள்ளைகளே மறுபடி மண் அணையைக் கட்டி, பெற்றோர் முன்னால் வீடியோ எடுத்துக் காட்டட்டும். அதற்கு ஒரு குடம் தண்ணீரும் கால் மணி நேரமும் போதும்.