எண்ணைக் கையால் அடிக்காதீர்கள்: வேர்டு கேள்வி-பதில்

வினாத்தாளில் 'பகுதி ஆ' மறுபடி 1-ல் தொடங்க வேண்டும். வேர்டு 11 என்று தொடர்கிறது. (ஆசிரியை, கோத்தகிரி)

அந்த 11-ன் மேல் ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டார்ட் அட் 1' கொடுங்கள்.

ஒரே கேள்விக்குள் அடுத்த வரிக்குப் போக எண்டர் தட்டினால் புது எண் விழுகிறது. (கூடலூர்)

ஷிப்டை அழுத்திக்கொண்டு எண்டர் தட்டுங்கள்.

ஃபைல் சரியாக வரவில்லை. என்ன செய்வது? (பந்தலூர்)

எந்த ஃபைல்? வேர்டா, லிப்ரே ஆபீஸா? திறக்கவே இல்லையா, எண்கள் கலைந்துவிட்டனவா? ஒரு வரிக் கடிதத்தை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது. என்ன செய்தீர்கள், திரையில் என்ன வந்தது என்று விவரமாக எழுதுங்கள். அதற்குள் அசல் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

எங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கை 40 பக்கம். தலைப்புகளை போல்டு ஆக்கி, 16 சைஸ் வைத்து, 1, 1.1, 1.2 என்று நானே டைப் செய்திருக்கிறேன். பொருளடக்கம் போட்டால் ஒன்றும் வரவில்லை. வேர்டில் கோளாறா? (தேயிலை விவசாயிகள் சங்க எழுத்தர், குன்னூர்)

வேர்டில் கோளாறு இல்லை. நீங்கள் அதற்குத் தலைப்பே கொடுக்கவில்லை. போல்டு என்றால் அதற்குத் தடித்த எழுத்து, அவ்வளவுதான்.

ஒரு நகல் எடுத்து, ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள டாக்-எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். டாக்-எக்ஸ் என்பதே ஒரு ஜிப் மூட்டைதான். உள்ளே எழுத்துக்கு ஒரு ஃபைல், ஸ்டைலுக்கு ஒன்று, எண்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். முறையாகப் போட்ட பட்டியலில் 1.2 என்ற எண் எழுத்தோடு சேர்ந்து இருக்காது. 'இந்தப் பத்தி இந்தப் பட்டியலில், இந்த நிலையில்' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். எண்ணை வேர்டு எண்ணிப் போடுகிறது. நடுவில் ஒன்றைச் செருகினால் மீதி தானாக நகர்வது அதனால்தான். நீங்கள் அடித்த 1.2 வெறும் மூன்று எழுத்து.

இதில் நான் அடிபட்டவன். பல வருடம் முன்பு ஒரு சங்கத்துக்கு இருபதுக்கு மேல் தீர்மானங்களைக் கையால் எண்ணிட்டு டைப் செய்து கொடுத்தேன். கூட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி, நாலாவதற்குப் பிறகு இன்னொன்றைச் சேர்க்கச் சொன்னார்கள். எண்களை எல்லாம் மாற்றினேன். உள்ளே இருந்த 'தீர்மானம் 7-ன்படி' என்ற வரியை மறந்தேன். பசுந்தேயிலை பாக்கியைச் சொல்ல வேண்டிய வரி, கட்டட வாடகையைக் காட்டியது. மறுநாள் கூட்டத்தில் பாக்கி வர வேண்டியவர்கள் எழுந்து கேட்டார்கள். பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

சரி, உங்கள் ஃபைலுக்கு வருவோம். தலைப்பு வரியில் கர்சரை வைத்து கண்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தினால் ஹெடிங் 1. துணைத் தலைப்புக்கு 2. அப்புறம் 'மல்டிலெவல் லிஸ்ட்' போய், ஹெடிங் பெயர்கள் ஒட்டியிருக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். கையால் அடித்த எண்களை அழியுங்கள். 'தீர்மானம் 7' போன்ற இடங்களில் எண்ணை அடிக்காமல், அந்தத் தீர்மானத்தின் எண்ணையே எடுத்துக் காட்டும் 'கிராஸ் ரெஃபரன்ஸ்' போடுங்கள். பிரிண்ட் கொடுக்கும் முன் கண்ட்ரோல்-ஏ, எஃப்-9. இதை விட்டால் பழைய எண்ணே அச்சாகும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர வேலை.

இன்னொன்றும் உண்டு. பார்வையற்ற உறுப்பினர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. மென்பொருளை வைத்து அறிக்கையைக் கேட்டால், பிரவுஸ் மோடில் ஹெச் விசையைத் தட்டித் தலைப்புத் தலைப்பாகத் தாவலாம். போல்டு மட்டும் போட்டிருந்தால், தனக்கு வேண்டியதைத் தேடி அவர் 40 பக்கத்தையும் கேட்க வேண்டும். தயவுசெய்து எண்ணைக் கையால் அடிக்காதீர்கள்.

ஹெடிங் ஸ்டைல் போட்டும் நேவிகேஷன் பகுதியில் தலைப்புகள் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. பாமினி எழுத்துரு. (ஆய்வு மாணவர், ஊட்டி)

பாமினியில் உள்ளே இருப்பதே ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. நேவிகேஷன் பகுதி அந்த எழுத்துருவைப் பயன்படுத்தாது. யூனிகோடுக்கு மாற்றுங்கள். தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆய்வேட்டை இன்னும் பாமினியில் அடிக்க வேண்டுமா? மாற்றும் முன் நகல், நகல், நகல்.

லிப்ரே ஆபீஸ் ஹெடிங் ஸ்டைலில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஆங்கிலம் மட்டும் பெரிதாகிறது. (மஞ்சூர்)

தமிழுக்கு சி.டி.எல். (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) என்று தனிப் பகுதி உண்டு. அதே ஸ்டைலின் எழுத்துரு பக்கத்தில் அங்கேயும் அளவை மாற்றுங்கள்.

இரண்டு பேர் எழுதிய அறிக்கைகளை ஒட்டினேன். 8-க்கு அப்புறம் மறுபடி 1 வருகிறது. (குன்னூர்)

பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே அவை இரண்டு பட்டியல்கள். அந்த 1-ன் மேல் ரைட் கிளிக் செய்து 'கன்டினியூ நம்பரிங்' கொடுங்கள். அடுத்த தடவை 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்று ஒட்டி, அப்புறம் ஸ்டைல் போடுங்கள். அப்படி ஒட்டும்போது பழைய எண்கள் எழுத்தாகவே வந்து விழும்; அவற்றை அழித்துவிடுங்கள்.