இனிஷியல் எடுக்கும்போது கொம்பும் காலும் காணாமல் போவது ஏன்?

அப்பா பெயர் 'கோபால்' என்றிருக்க, பைத்தான் நிரலில் முதல் எழுத்தை எடுக்கச் சதுர அடைப்புக்குள் 0 போட்டால் 'கோ' வராமல் வெறும் 'க' வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோடில் தப்பு இல்லை. பைத்தான் எழுத்தை எண்ணுவதில்லை, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது. நமக்கு கோ, பா, ல் மூன்று எழுத்து. அதற்கோ க, ஓகாரக் குறி, ப, கால், ல, புள்ளி என்று ஆறு. அதனால்தான் செல்வமும் 'ச' ஆகிவிடுகிறார்.

முதல் இரண்டை வெட்டி எடுக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். 'மணி'க்கு 'மண' என்று வந்து நிற்கும்.

'ரெஜெக்ஸ்' என்ற தனி நூலகத்தை, பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் நிறுவுங்கள். பைத்தானோடு வரும் 'ஆர்ஈ' நூலகத்தில், முழு எழுத்தாகப் பிரிக்கும் இந்த வசதி கிடையாது. ரெஜெக்ஸின் ஃபைண்ட்ஆல் செயற்கூறுக்கு, பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்த வடிவத்தைக் கொடுங்கள். கோ, பா, ல் என்று பட்டியலாகப் பிரித்துத் தரும். அதில் முதலாவதை எடுத்தால் சரி.

அப்புறம், 'ஸ்ரீதர்' மாதிரிப் பெயர்களைச் சோதித்துப் பாருங்கள். அங்கே 'ஸ்' மட்டும்தான் வரும், 'ரீ' தனியாகப் போய்விடும். 'க்ஷ'வுக்கும் இதே கதை. இந்த இரண்டுக்கும் ஒரு இஃப் நிபந்தனை எழுதிச் சமாளிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பெயர்களை ஒப்பிடவும் போகிறீர்கள் என்றால், முதலில் பைத்தானோடு வரும் யூனிகோடுடேட்டா நூலகத்தின் நார்மலைஸ் செயற்கூறில், உடைந்த குறிகளைச் சேர்த்துவைக்கும் என்எஃப்சி வடிவத்தைக் கொடுத்துவிடுங்கள். சில கோப்புகளில் ஓகாரக் குறியானது ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாக உடைந்து கிடக்கும். உடைந்ததும் உடையாததும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் இரண்டும் சமமில்லை என்றே பைத்தான் சொல்லும்.