படுத்தால் வலி, புரண்டால் கறை பயம்: வாசகிகளின் கேள்விகளுக்கு டாக்டரின் பதில்கள்

போன இதழில் மாதவிடாய் வலி பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் நிறையப் பேர் சொல்வது ஒன்றுதான்: பகலை எப்படியோ ஓட்டிவிடுகிறோம் டாக்டர், ராத்திரிதான் முடியவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன், வயது 19. முதல் இரண்டு நாள் ராத்திரி அடிவயிறும் இடுப்பும் பிடுங்கி எடுக்கும். பெட்ஷீட்டில் கறை பட்டுவிடுமோ என்று புரளாமல் ஒரே பக்கமாக விறைத்துக் கிடப்பேன், காலையில் எழுந்தால் முதுகும் சேர்ந்து வலிக்கிறது. எப்படிப் படுப்பது நல்லது? குப்புறப் படுத்தால் கர்ப்பப்பைக்குக் கெடுதல் என்கிறாள் ரூம்மேட், உண்மையா?

பதில்: கெடுதல் எதுவும் இல்லை. நீ எந்தப் பக்கம் படுத்தாலும் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது. குப்புறப் படுத்தால் சிலருக்கு வயிறு அழுந்தி வலி கூடும், நாப்கின் முன்பக்கமாகக் கசியும், அவ்வளவுதான். உனக்கு அப்படித்தான் தூக்கம் வருமென்றால் தாராளமாகப் படு.

பலருக்கும் சுகமாக இருப்பது ஒருக்களித்துப் படுப்பதுதான். முழங்கால்களை வயிற்றை நோக்கிக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள். விடுதியில் ஆளுக்கு ஒரு தலையணைதான் இருக்கும், தெரியும், போர்வையைச் சுருட்டி வைத்தாலும் போதும். வயிற்றுத் தசைக்கு இழுப்பு குறையும், இடுப்பு முறுக்கிக்கொள்ளாது, காலையில் முதுகு வலி பாதியாகும். மல்லாந்து படுத்துப் பழகியவள் என்றால் அதே சுருளை முழங்காலுக்கு அடியில் கொடு.

விறைத்துக் கிடப்பதற்குக் காரணம் வலியைவிடக் கறை பயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை முதலில் தீர்த்துவிடுவோம். பகலில் வைக்கும் சின்ன நாப்கின் படுக்கைக்குப் போதாது, படுத்தால் ரத்தம் பின்பக்கமாகத்தான் போகும். 320 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள இரவு நாப்கின் கிடைக்கிறது, அதை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து, தொளதொள என்று இல்லாத ஜட்டியாகப் போட்டுக்கொள். அப்புறம் பழைய காட்டன் புடவை ஒன்றை வீட்டிலிருந்து எடுத்து வா. நான்காக மடித்து இடுப்பு வரும் இடத்தில் மெத்தைக்குக் குறுக்காக விரித்து, இரண்டு முனையையும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் எவ்வளவு புரண்டாலும் நகராது. கறை பட்டால் அதை மட்டும் உருவித் துவைத்தால் போதும், அதுவும் பச்சைத் தண்ணீரில், ஏனென்றால் வெந்நீர் ஊற்றினால் ரத்தக் கறை துணியிலேயே நின்றுவிடும். நாப்கின் மாற்றுவதற்கென்று நடு ராத்திரியில் அலாரம் வைத்து எழுபவர்கள் இருக்கிறார்கள். சாதாரண ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு அது தேவையே இல்லை. படுக்கப் போகும்போது புதியது வைத்து, எழுந்ததும் மாற்று. மாதவிடாய்க் கப் பழகியிருந்தால் 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம்.

இனி வலி. கர்ப்பப்பையின் உள்சுவர் உதிரும்போது அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் வெளிவருகிறது. அது கர்ப்பப்பைத் தசையை ஈரத்துணியைப் பிழிவதுபோல் இறுக்குகிறது, இறுகும்போது அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது, அதுதான் நீ உணரும் வலி. அதே ரசாயனம் குடலையும் கிளறிவிடுவதால்தான் அந்த நாட்களில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வருகிறது.

இதற்குச் சூடு நிஜமாகவே வேலை செய்யும். 2001இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அடிவயிற்றில் தொடர்ந்து வைத்த மிதமான சூட்டுப் பட்டை, ஐபுப்ரோஃபென் மாத்திரைக்கு இணையாக வலியைக் குறைத்தது. அந்தப் பட்டையின் சூடு சுமார் 39 டிகிரிதான் என்பதைக் கவனி, தோல் பொசுங்கும் அளவுக்குத் தேவையே இல்லை. வெந்நீர்ப் பை இருந்தால் முக்கால் பங்குக்குமேல் நிரப்பாமல், காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, துண்டு சுற்றி வை. பை இல்லையா, ஸ்டீல் தண்ணீர் பாட்டிலில் சூடான தண்ணீர் ஊற்றி மூடியை நன்றாக இறுக்கி, துண்டைச் சுற்றி அணைத்துக்கொள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். வீட்டில் இருக்கும்போது பாட்டிமார் முறையில், கல் உப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாலும் அதே பலன்தான், புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு வயிற்றில் வை. எதுவானாலும் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது எடுத்துவிடு. மாதாமாதம் அதிகச் சூட்டை வைத்தபடியே தூங்குபவர்களுக்கு வயிற்றில் வலை வலையாகப் பழுப்புத் தழும்பு விழுந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் தூக்கமும் சீக்கிரம் வரும்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை. வலி என்று சொன்னால் சூப்பர்வைசர் அக்கா ஒரு மாத்திரை தருவார், அட்டையில் பெயர் இருக்காது, கிழித்துத்தான் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் வலி நிற்கும், ஆனால் தலை சுற்றும், வாய் வறளும். ராத்திரி வீட்டுக்கு வந்தால் மறுபடி வலி, தூக்கம் போச்சு. கூட ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியும் போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பெயர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இது உங்கள் கம்பெனி சங்கதி மட்டுமல்ல. தமிழ்நாட்டின் ஆயத்த ஆடை ஆலைகளில் பெண்களுக்கு இப்படிப் பெயரில்லாத வலி மாத்திரைகள் கொடுக்கப்படுவதை 2019இல் ஒரு செய்தி நிறுவனம் விசாரித்து வெளியிட்டது. என்ன மருந்து, எவ்வளவு, யாருக்கு ஆகாது என்று தெரியாமல் மாதாமாதம் விழுங்குவது, உங்கள் உடம்பை வைத்து இன்னொருவர் உற்பத்திக் கணக்கைக் காப்பாற்றுவது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

நீங்கள் சொல்லும் தலைச்சுற்றலையும் வாய் வறட்சியையும் பார்த்தால் அது வலி குறைக்கும் மெஃபினமிக் அமிலமும் தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமினும் சேர்ந்த மாத்திரையாக இருக்கலாம். டைசைக்ளோமினுக்கு அந்தக் குணம் உண்டு, கண்ணும் மங்கும். ஓடுகிற தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இது சின்ன விஷயமா?

வலி மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சரியாகப் போட்டால் நன்றாகக் கேட்கும். மெஃபினமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்றவை அந்தப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே தடுப்பவை. அதனால் வலி உச்சிக்கு ஏறி அழுகை வந்த பிறகு போட்டால் பாதிப் பலன்தான். ரத்தப்போக்கு ஆரம்பித்ததும், இல்லையென்றால் வலி தலைகாட்டியதுமே, சாப்பிட்ட பிறகு போட வேண்டும். மருத்துவர் சொன்ன இடைவெளியில் முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் தொடர வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வேளை வருகிற மாதிரி அமைத்துக்கொண்டால் தூங்கலாம். உங்களிடம் ஈஎஸ்ஐ அட்டை இருக்கும், அந்த மருந்தகத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டி, பெயர் உள்ள அட்டையாக, உங்களுக்கென்று எழுதித் தந்ததை வாங்குங்கள். காசு ஆகாது.

வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கலாமோ என்று சந்தேகம் உள்ளவர்கள் இவற்றைத் தாமாகப் போடக் கூடாது. ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் இருந்து டெங்குவாக இருக்குமோ என்ற நிலையிலும் தொடக் கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. மெஃபினமிக் அமிலத்தால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023 கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. இந்த மாத்திரை போட்ட சில வாரங்களுக்குள் தோல் தடிப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாத்திரை போட்டால் பிள்ளை பிறக்காது என்று யாராவது பயமுறுத்துவார்கள். மாதத்தில் இரண்டு மூன்று நாள் போடுவதால் அப்படி எதுவும் ஆகாது.

சரியாகப் போட்டும் இரண்டு மூன்று மாதம் வலி அடங்கவில்லை, வருடத்துக்கு வருடம் கூடுகிறது, மலம் கழிக்கும்போதும் தாம்பத்தியத்தின்போதும் வலிக்கிறது என்றால் அது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், அதாவது கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது. உலகத்தில் பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. சாதாரண வலிதானே என்று எல்லாரும் சொல்லிச் சொல்லியே கண்டுபிடிக்க வருடக்கணக்காகிவிடுகிறது.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. அந்த மூன்று நாளும் கூடத்து மூலையில் தனியாக, தரையில் ஒரு பழைய பாயில்தான் படுக்க வேண்டும், தலையணை தொடக் கூடாது என்கிறார் என் மாமியார். பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்காமல் பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுகிறாள். நான் என்ன சொல்வது? (மதுரைப் பக்கத்து வாசகி)

பதில்: பாயில் படுப்பது தப்பில்லை, பாயில் நன்றாகத் தூங்குபவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஜில்லென்ற சிமெண்ட் தரையில், நைந்த பாயில், தலைக்கு ஒன்றுமில்லாமல், இருட்டில் தனியாகப் படு என்றால் பெரியவர்களுக்கே தூக்கம் வராது. உடம்பு வலிக்கும் பிள்ளைக்கு எப்படி வரும்? தீட்டு என்பதற்கு உடம்பில் எந்த ஆதாரமும் கிடையாது, கை வெட்டுப்பட்டால் வருகிற ரத்தம்தான் இதுவும். சில ஊர்களில் அந்த நாட்களில் பெண்களைத் தனியே தங்கவைக்கும் முட்டுவீடு இன்னும் இருப்பது தெரிந்துதான் இவ்வளவு பட்டென்று சொல்கிறேன்.

மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், என் பெயரைச் சொல்லுங்கள். "அத்தை, பாப்பாவுக்கு மெத்தையும் தலையணையும் வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டார்" என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். உளுந்தங்களி, நல்லெண்ணெய் என்று அவர் அன்பாகச் செய்வதையெல்லாம் தடுக்காதீர்கள், அதைப் பாட்டி கையாலேயே கொடுக்கட்டும். அந்த மூன்று நாளும் உங்கள் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள், கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். வயதுக்கு வந்த முதல் வருடம் பெரும்பாலும் கருமுட்டை வெளிவராத சுழற்சி என்பதால் வலி குறைவாக இருக்கும், அதற்கப்புறம்தான் கூடும். இப்போதே படுக்கைப் பிரச்சினையை முடித்துவிட்டால் நல்லது.

கேள்வி: ராத்திரி தலைக்குக் குளிக்கலாமா? தயிர் சாப்பிடலாமா? சுக்குக் கஷாயம், வெந்தயம் கேட்குமா?

பதில்: குளிக்கலாம், தலை காய்ந்த பிறகு படுங்கள். தயிர் சாப்பிடலாம். முதல் மூன்று நாள் இஞ்சி, சுக்கு எடுத்தவர்களுக்கு வலி குறைந்ததாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு, அதனால் கஷாயம் குடிக்கலாம். மோரில் வெந்தயம் விழுங்குவதால் கெடுதல் இல்லை, மாத்திரை தேவைப்படும் வலிக்கு அதையே நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சாயங்காலத்துக்கு மேல் காபியை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மனைவி அந்த நாட்களில் ராத்திரி முனகிக்கொண்டே கிடக்கிறாள், என்ன வேண்டும் என்று கேட்டால் எரிந்து விழுகிறாள். கணவனாக நான் என்ன செய்யலாம்? (கோவை வாசகர்)

பதில்: கேட்டதற்கு நன்றி. கேட்காமல் செய்யுங்கள் தம்பி. ராத்திரிச் சமையல், பாத்திரம், பிள்ளையைத் தூங்க வைப்பது, மூன்றும் உங்களுடையது. வெந்நீர்ப் பையை நிரப்பி அவர் படுக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துவிட்டால் நிறையப் பேருக்கு இதமாக இருக்கும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வயது 42. தேதிக்கு நாலைந்து நாள் முன்னாலிருந்தே உடம்பு அனலாக இருக்கிறது, தூக்கம் இல்லை. வந்த பிறகு ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது. படுத்தால் காலுக்குள் ஏதோ ஊர்வது மாதிரி, உதறிக்கொண்டே இருக்கிறேன். இந்த வயதில் இப்படித்தான் என்கிறார்கள் எல்லாரும்.

பதில்: எல்லாரும் சொல்வது தப்பு. முன்னால் வரும் அனலுக்குக் காரணம் புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன், அது உடம்புச் சூட்டை 0.3 முதல் 0.5 டிகிரி வரை ஏற்றி வைக்கும். உடம்பு குளிர்ந்தால்தான் ஆழ்ந்த தூக்கம் வரும் என்பதால் அந்த நாட்களில் புரள்கிறீர்கள். பருத்தி நைட்டி, மின்விசிறிக்கு நேர் கீழே படுக்கை, திறந்த ஜன்னலில் கொசுவலை, இவையே கொஞ்சம் உதவும்.

மற்ற இரண்டும் அப்படி விடக்கூடியவை அல்ல. ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருப்பதும், ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் போவதும், ஏழு நாளுக்கு மேல் நீள்வதும் அதிகப் போக்கின் அடையாளம். கால் உதறலைத் தனி நோயாக நினைக்கிறீர்கள், இரும்புச்சத்து குறைந்தால் இந்த உதறல் வரும், அதிகம் போவதால்தான் இரும்பு குறைகிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். நீங்களும் அந்தக் கணக்கில் இருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, வயிற்று ஸ்கேன், இவ்வளவும் எடுத்துவிடுங்கள். ஃபைப்ராய்டு கட்டியோ, கர்ப்பப்பைச் சுவர் தடித்துப்போகும் அடினோமயோசிஸோ இருந்தால் ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். போகும்போது காலண்டரில் எந்தெந்த நாள், எத்தனை நாப்கின், ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள் என்று குறித்துக்கொண்டு போங்கள். அது இல்லாமல் "கொஞ்சம் அதிகமா போகுது டாக்டர்" என்றால் யாருக்கும் அளவு புரியாது. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று முதல் நாளே யாராவது சொன்னால், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை எனக்கு ஆகுமா, ஹார்மோன் உள்ள கருப்பை வளையம் ஆகுமா என்று கேளுங்கள், இரண்டாவது மருத்துவர் ஒருவரையும் பாருங்கள்.

இரும்பு மாத்திரை எழுதித் தந்தால் எலுமிச்சம்பழச் சாற்றோடு போடுங்கள். டீ, காபி குடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அதைத் தொடாதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிட வேண்டாம்.