பட்டு வேட்டியில் மடிப்பு தெரியவில்லையே!

கேள்வி: அப்பா கல்யாண போட்டோகிராபர். கலர் நெகட்டிவ் பிலிமில் அவர் எடுத்த படங்களில், உச்சி வெயிலில் நிற்கும் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில்கூட மடிப்பு தெரிகிறது. நான் அவர் சொல்லிக்கொடுத்தபடி ஒரு ஸ்டாப் கூடுதலாக வைத்துத்தான் டிஜிட்டலில் எடுக்கிறேன், வேட்டி சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துவிடுகிறது. டைனமிக் ரேஞ்சில் (ஆழ்ந்த நிழலிலிருந்து பளீர் வெளிச்சம் வரை ஒரே படத்தில் பதியும் எல்லை) பிலிமை டிஜிட்டல் இன்னும் எட்டவில்லையா?
- வாசகர், காரைக்குடி

பதில்: எட்டிவிட்டது, தாண்டியும் விட்டது. நல்ல கலர் நெகட்டிவுக்கு 12, 13 ஸ்டாப் என்று வைத்துக்கொண்டால், 2017-ல் வந்த நிக்கான் டி850 குறைந்த ஐஎஸ்ஓவில் (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன் அளவு) 14-ஐத் தாண்டுகிறது. ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரண்டு மடங்காவது, அதனால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

உங்கள் சிக்கல் நீங்கள் கூடுதலாக வைக்கும் அந்த ஒரு ஸ்டாப்பில்தான் இருக்கிறது. அப்பா சொன்னது பிலிமுக்கு நூற்றுக்கு நூறு சரி. பிலிமில் இருக்கும் வெள்ளி உப்புத் துகள்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது, பெரியவை கொஞ்சம் வெளிச்சத்திலேயே பதிந்துவிடும், சிறியவை நிறைய வெளிச்சம் கேட்கும். அதனால் வெளிச்சம் ஏற ஏற பதிவு சட்டென்று நிற்காமல் மெதுவாகத் தளர்ந்துகொண்டே போகும். இந்த வளைவை ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் 1890-லேயே இங்கிலாந்தில் அளந்து வரைந்துவிட்டார்கள். இரண்டு ஸ்டாப் ஓவர் ஆனாலும் நெகட்டிவில் வேட்டி மடிப்பு இருக்கும். ஆனால் இரண்டு ஸ்டாப் குறைந்தால் நிழல் பகுதி கலங்கி, புள்ளி புள்ளியாகி, எந்த லேபிலும் மீட்க முடியாது. இன்னொன்று, பிரிண்ட் பேப்பர் அத்தனை ஸ்டாப்பையும் தாங்காது. அந்த மடிப்பு ஆல்பத்தில் தெரிகிறதென்றால், லேபில் நெகட்டிவைப் பார்த்து அளவாக பிரிண்ட் போட்டவருக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு, அவரை யாரும் நினைப்பதே இல்லை.

சென்சார் இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு பிக்சலும் இத்தனை எலக்ட்ரான்தான் கொள்ளும், நிறைந்த பிறகு எவ்வளவு வெளிச்சம் வந்தாலும் எல்லாம் ஒரே வெள்ளை. நிழல் பக்கம்தான் அதன் சொத்து. வெளிச்சப் பக்கம் வெளுத்துப்போகும் குறையைச் சரிக்கட்டத்தான் ஃபியூஜி 2004-ல் எஸ்3 ப்ரோவில் பெரிய பிக்சலுக்குப் பக்கத்தில், பளீர் வெளிச்சத்துக்கென்றே ஒரு சின்ன பிக்சலையும் வைத்தது. அருமையான யோசனை.

ஆகவே நீங்கள் வெயிலில் ஒரு ஸ்டாப் ஏற்றாமல் முக்கால் ஸ்டாப்போ ஒன்றோ இறக்குங்கள், ரா-வில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள், முகத்தையும் நிழலையும் அப்புறம் கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்த இடம் கண் சிமிட்டிக் காட்டும் வசதியை கட்டாயம் ஆன் செய்து வையுங்கள். மணப்பெண்ணின் அரக்குப் புடவைக்கு மட்டும் அது போதாது, மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) ஒழுங்காக இருக்கும்போதே சிவப்பு சேனல் மட்டும் முட்டிக்கொண்டு, சரிகை ஓரத்தில் துணியின் நெசவே காணாமல் போய்விடும்; மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓவை ஏற்றும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: அதை இரண்டு மடங்காக்கும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் ரேஞ்ச் போய்விடும்.

கேள்வி: ஸ்லைடு பிலிமும் (நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகப் படமே விழும் பிலிம்) இப்படித்தானா?
- வாசகி, கோவை

பதில்: இல்லை, அது தனி ரகம். 1990-ல் வந்த வெல்வியா மாதிரி ஸ்லைடில் உருப்படியாகக் கிடைப்பது ஐந்து, ஆறு ஸ்டாப்தான், அரை ஸ்டாப் தவறினாலே மேகம் வெளுத்துவிடும். ஆனால் ஸ்லைடில் பழகியவர்களுக்கு டிஜிட்டல் சட்டென்று கைவந்தது. வெளிச்சமான பகுதியைப் பார்த்து எக்ஸ்போஷர் வைப்பது அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.