நீக்கப்பட்ட பழைய தண்டனையை எஸ்.எஃப்-86 படிவத்தில் எழுத வேண்டுமா?

வணக்கம். இருபது வயதில் திருட்டு வழக்கில் நீங்கள் பெற்ற ஃபெலனி (அமெரிக்கச் சட்டத்தில் கடுங்குற்றம்) தண்டனை, சிறையின்றி நன்னடத்தைக் கண்காணிப்போடு முடிந்து, மாநில நீதிமன்றத்தால் பதிவிலிருந்தும் நீக்கப்பட்டுவிட்டதால், பதினைந்து ஆண்டுகள் கழித்து, அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் பாதுகாப்பு அனுமதிக்கான எஸ்.எஃப்-86 படிவத்தில் அதைக் குறிப்பிடத் தேவையில்லை என்று நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

படிவத்தின் 22-ஆம் பிரிவில் பல கேள்விகள் கடந்த 7 ஆண்டுகளைப் பற்றியவைதான். ஆனால் எப்போதாவது ஃபெலனி குற்றம் சாட்டப்பட்டீர்களா என்ற கேள்விக்குக் கால வரம்பே கிடையாது. பதிவு நீக்கப்பட்டிருந்தாலும் எழுத வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. கூட்டாட்சிப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் நீக்கப்பட்ட சில வழக்குகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

தண்டனை இருப்பதாலேயே அனுமதி மறுக்கப்படும் என்பதில்லை. பாண்ட் திருத்தம் எனப்படும் சட்டப்பிரிவு, தண்டனை பெற்றவர்களில் ஓராண்டுக்கு மேல் தண்டனை விதிக்கப்பட்டு, குறைந்தது ஓராண்டாவது சிறையில் இருந்தவர்களைத்தான், அதுவும் எஸ்.சி.ஐ. (உளவு சார்ந்த மிக ரகசியத் தகவல்) போன்ற சிறப்பு அனுமதிகளுக்குத்தான் தடுக்கிறது. உங்கள் வழக்கை 2017 முதல் நடப்பிலுள்ள சீட்-4 எனும் பாதுகாப்பு அனுமதி நெறிமுறைகளில் குற்றச் செயல் பற்றிய ‘ஜே’ (J) பிரிவின்படி எடைபோடுவார்கள். இடையில் கழிந்த காலம், மீண்டும் வழக்கு இல்லாமை, இழப்பீடு செலுத்தியது, கண்காணிப்பு நிபந்தனைகளை நிறைவேற்றியது, வேலையில் நற்பெயர் ஆகியவை அங்கே உங்களுக்குச் சாதகமாகும். மறைத்தாலோ, ‘இ’ (E) பிரிவின் கீழ் நேர்மை பற்றிய புதிய கேள்வி எழும். அது இன்று செய்த தவறு என்பதால், பழைய கதை என்ற வாதம் எடுபடாது. வேண்டுமென்றே பொய் எழுதுவது கூட்டாட்சிக் குற்றமும்கூட.

தீர்ப்பு, நீக்க ஆணை இரண்டின் சான்றிட்ட நகல்களையும் நீதிமன்ற அலுவலகத்தில் இப்போதே கேட்டு வாங்குங்கள். விளக்கப் பகுதியில் நடந்ததைச் சுருக்கமாக, யார் மீதும் பழி போடாமல் எழுதுங்கள். விசாரணை அதிகாரி நேரில் கேட்கும்போதும் அதையே சொல்ல வேண்டியிருக்கும்.